கால் முளைத்த பஸ் ஸ்டாண்ட்

ஆனைமடை நகராட்சி பஸ் ஸ்டாண்டுக்கு நூற்றெட்டுக் கால். உலகத்தில் வேறெந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்கும் ஒற்றைக்கால்கூடக் கிடையாது என்பதை நினைத்துப் பார்த்தால், ஆனைமடைக்காரர்கள் அந்த நாட்களில் ஏன் வெறுந்தரையில் நடந்தாலும் மேடையில் நடப்பதுபோல நடந்தார்கள் என்பது விளங்கும். டைம் கீப்பர் அறை, கட்டணக் கழிப்பிடம், தாய்மார் பாலூட்டும் அறை, தூணில் ஒட்டிய கண் ஆஸ்பத்திரி விளம்பரம், பெஞ்சில் படுத்திருக்கும் ஆட்கள் எல்லாவற்றையும் முதுகில் ஏற்றிக்கொண்டு அது எழுந்து நிற்கும். கொஞ்சம் நெளியும். பிறகு தெருத்தெருவாக நடக்கும். வழியில் ஒரு டீ கிளாஸ் கவிழ்ந்ததில்லை. ஒரு கோழி மிதிபட்டதில்லை. கடைசியில் ஒருநாள் அது ஆற்றையே தாண்டியது. பாலம் இல்லாத ஆறு.

நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். எட்டாம் வார்டு கவுன்சிலர் திரவியம் வாத்தியாரும் நம்பவில்லை.

சண்பகவல்லிதான் அப்போது சேர்மன். "எல்லா வார்டுக்கும் வளர்ச்சி" என்று மைக் பிடித்துச் சொல்லி ஜெயித்தவள். சொன்னதை அவள் நம்பவும் செய்தாள் என்பதுதான் அவளிடமிருந்த ஒரே குறை. ஆனைமடையில் வளர்ச்சி என்பது மேலரத வீதி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு கூப்பிடு தூரத்துக்குள் கொழுத்துக் கிடந்தது. அதைத் தாண்டினால் பெட்டிக்கடைக்காரர்கள் தங்கள் முறுக்கைத் தாங்களே எடுத்துத் தின்றுகொண்டிருப்பார்கள். பஸ் ஸ்டாண்ட் வாசலில் அவள் தம்பி உலகநாதனுக்கு ஒரு பரோட்டாக் கடை. அவன் சால்னா வாசத்துக்கு மதுரை பஸ் தானாகவே பிரேக் போட்டு நிற்கும். டிரைவர்களே சொன்ன விஷயம்.

சிறு நகரங்களில் எல்லாரும் சேர்ந்து முன்னேற அரசாங்கம் ஒரு திட்டம் போட்டது. அந்தத் திட்டத்தோடு கோயம்புத்தூரிலிருந்து அருள்விழி என்ற பொறியாளர் வந்து, நகர்மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"பஸ் ஸ்டாண்ட் இருக்கிற எடத்துல காசு புரளுதுங்க. காசு இல்லாத எடத்துக்கு பஸ் ஸ்டாண்டையே அனுப்பிட்டா?"

"யாரும்மா தூக்கிட்டுப் போறது?" என்றார் திரவியம் வாத்தியார். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். எதையும் நிரூபித்துக் காட்டச் சொல்வார். நிரூபித்துக் காட்டினால் வழிமுறை தப்பு என்பார்.

"அதுவே போகுமுங்க."

"எங்கன போகணும்னு அதுக்கு யாரு சொல்லுவா?"

"நிரவின்னு ஒரு மூளை இருக்குங்க அதுக்குள்ள. ரோட்டுல விழற காலடிச் சத்தத்தை எல்லாம் கேட்டுட்டே இருக்கும். யாரு ரொம்ப தூரம் நடந்து வந்து பஸ் ஏறறாங்க, எந்தத் தெருக் கடையில ஆளே இல்ல, அதெல்லாம் அதுக்குத் தெரியும். ஊர்க்காரங்கள்ல யாரு ரொம்பப் பின்தங்கிக் கெடக்கறாங்களோ அவங்க பக்கத்துல போய் உக்காரும். அவங்க நிமிர்ந்ததும் கெளம்பிரும்."

"நிறுத்தணும்னா?"

"டைம் கீப்பர் ரூம்ல ஒரு பலகை இருக்குங்க. சேர்மன் மேடம் கைரேகை வெச்சா போதும், நின்னுரும்."

அவ்வளவுதான். மன்றத்தில் நாற்காலிகள் பின்னால் தள்ளப்பட்ட சத்தம் தாலுகா ஆபீஸ் வரைக்கும் கேட்டது.

"அக்கா கைரேகையா? தம்பி கடை வாசல்ல ஆணி அடிச்சு நிறுத்திரும்லா!" என்றார் நாலாம் வார்டு.

"துணைத் தலைவர் கைரேகையும் வேணும்" என்றார் துணைத் தலைவர்.

"அப்ப எங்களுக்கெல்லாம் விரல் இல்லையா?" என்றார் பதினாறாம் வார்டு.

முடிவில் திரவியம் வாத்தியார் மேஜையைத் தட்டினார். "இருபத்தொரு வார்டுக்கும் ஆளுக்கு ஒரு ரேகை. எல்லாரும் வெச்சாத்தான் நிக்கணும். ஒருத்தர் குறைஞ்சாலும் நிக்கக் கூடாது."

அருள்விழி கெஞ்சினாள். "அப்படி வெச்சுட்டா அப்புறம் எங்க கம்பெனியாலயே நிறுத்த முடியாதுங்க சார்."

"அதாம்மா வேணும்! கம்பெனியை மட்டும் நம்பவா முடியும்?"

இதைச் சொன்ன மன்றம் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். செத்துப்போன முன்னாள் சேர்மனுக்கு இரங்கல் தீர்மானம் கொண்டுவந்தபோது ஒருவர் வெளிநடப்புச் செய்தார். கூட்டத்தில் கொடுக்கும் டீ சூடாக இருக்க வேண்டும் என்ற தீர்மானத்துக்குத் திரவியம் வாத்தியார் தன் எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொன்னார். அப்படிப்பட்டவர்கள் தங்கள் ஒற்றுமையை ஒரு பூட்டாகச் செய்து, பஸ் ஸ்டாண்டுக்குப் போட்டார்கள்.

கம்பெனிக்காரர்கள் கால் பூட்டி முடித்து, அது முதன்முதலாக எழுந்த காலையில் ஊரே மேலரத வீதியில் கூடிவிட்டது. திரவியம் வாத்தியார் நேராக அதன் வயிற்றுக்கடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"எங்கயோ ஜாக்கி வெச்சிருக்கான்" என்றார். அவரைச் சுற்றி நூற்றெட்டுக் காலும் பதவிசாக விலகி நடந்து போயின. அவர் வெட்டவெளியில் நின்றார். "சரி, பெரிய ஜாக்கி" என்றார்.

பதினாலாம் வார்டில் போய் அது உட்கார்ந்தது. அங்கே நடந்ததைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டுக்குள் மாவாட்டிக்கொண்டிருந்த பெண்கள் வாசலில் இட்லி போட்டார்கள். பஞ்சர் ஒட்டும் கடை வந்தது. சுண்டல் விற்ற ஒரு மனுஷி தன் வீட்டுக்குக் கதவு போட்டாள், அதுவரைக்கும் சாக்குதான். சண்பகவல்லி அந்தக் கதவைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்து அழுதே விட்டாள். பிறகு பஸ் ஸ்டாண்ட் எழுந்து ஏழாம் வார்டுக்குப் போனது. ஊரில் கல்யாணப் பத்திரிகைகளில் "அன்றைய பஸ் ஸ்டாண்டுக்கு அருகில்" என்று அச்சடிக்கத் தொடங்கினார்கள்.

ஆனைமடைக்காரர்கள் விவரமானவர்கள். ஏழைகளிடம்தான் அது போகிறது என்று புரிந்ததும் ஊரே ஏழையாக இருக்கக் கிளம்பிவிட்டது.

நல்ல சுண்ணாம்பைச் சுரண்டினார்கள். மோட்டார் சைக்கிளை வீட்டுக்குள் படுக்கவைத்துப் போர்வை போர்த்தினார்கள். நிரவி காலடியைக் கேட்கிறதாமே என்று பெண்டுபிள்ளைகள் வெறுங்குடத்தோடு ஊரைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். கடைக்காரர்கள் வந்த ஆட்களிடம் "இன்னைக்கு வியாபாரம் வேண்டாம், போயிட்டு வாங்க" என்று கும்பிட்டார்கள். பத்தாம் வார்டில் ஒரு கல்யாணம் நடந்தது; நாதஸ்வரக்காரர் வாசிப்பதுபோல விரலை மட்டும் ஆட்டினார், தவில்காரர் தலையணையில் தட்டினார், மாப்பிள்ளை அழைப்பு ஓசையே இல்லாமல் ஊர்ந்து போனது. எட்டாம் வார்டில் திரவியம் வாத்தியார் தெருவுக்கு ஒரு ஆள் போட்டு எல்லாரையும் சும்மா நடக்கவைத்தார். பஸ் ஸ்டாண்ட் எட்டாம் வார்டுக்கு வந்தே விட்டது.

"எதுக்கு சார் நடக்கவிட்டீங்க? அது தானா நடக்காதுன்னீங்களே?" என்றாள் சண்பகவல்லி.

"இப்பவும் அப்படித்தாம்மா சொல்லுதேன். ஆனா வந்த பஸ் ஸ்டாண்டை வேண்டாம்னு சொல்லலாமா?"

இதற்கிடையில் மேலரத வீதியில் உலகநாதன் கடை செத்துக்கொண்டிருந்தது. மாவைப் பிசைந்து வைத்துவிட்டு ரோட்டைப் பார்ப்பான். மாவு புளித்துப்போகும். பக்கத்தில் இருந்த பழக்கடையும் லாட்ஜும் பூட்டியாயிற்று. ஒருநாள் மத்தியானம் சண்பகவல்லி போனபோது அவன் பரோட்டாக் கல்லைக் கழற்றி, தேய்த்துக் கழுவிச் சுவரோரம் சாய்த்திருந்தான்.

"என்னல இது?"

"திருப்பூருக்குப் போகலாம்னு பாக்கேன். கேண்டீன்ல மாஸ்டர் வேலை இருக்காம். கல்லை மட்டும் யாரும் வாங்குதாங்களான்னு பாரு."

"அப்பா போட்ட கடைல. நான் இருக்கேம்லா. கொஞ்சம் பொறு."

"நீ சேர்மனா இருந்து என்னக்கா பிரயோசனம்? ஒரு பஸ் ஸ்டாண்டை நில்லுன்னு சொல்ல முடியல உன்னால."

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே வேலை: பஸ் ஸ்டாண்டை நிறுத்த வேண்டும், மேலரத வீதிக்குத் திருப்ப வேண்டும், தம்பி அந்தக் கல்லை மறுபடியும் அடுப்பில் ஏற்ற வேண்டும்.

சென்னைக்குப் போன் போட்டாள். "ரொம்பப் பிரமாதமா போயிட்டிருக்கே மேடம். நாற்பது ஊருக்கு அறிவிச்சாச்சு. இப்ப போய் நிறுத்தவா?" என்றார் திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரி. தேர்ச் சங்கிலியைக் கொண்டுவந்து தூண்களில் கட்டிப் பார்த்தாள். பஸ் ஸ்டாண்ட் ஒவ்வொரு காலாகத் தூக்கி, மருதாணி கலையாமல் வளையல் கழற்றும் பெண்ணைப்போல, சங்கிலியிலிருந்து உருவிக்கொண்டது. ரோடு ரோலரைக் குறுக்கே நிறுத்தினாள். பஸ் அறிவிப்புச் செய்யும் அதே பெண் குரலில் "தயவுசெய்து வழிவிடவும்" என்று சொல்லிவிட்டு அது தாண்டிப் போனது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. யாரையாவது அடித்திருந்தால் போலீசையாவது கூப்பிட்டிருக்கலாம்.

ரேகை வைக்கச் சொல்லிக் கூட்டம் போட்டாள். பஸ் ஸ்டாண்ட் இருந்த வார்டுக்காரர், "இப்பத்தான வந்திருக்கு" என்றார். அடுத்து வரவேண்டிய வார்டுக்காரர், "எங்களுக்கு வந்துட்டுப் போகட்டும்" என்றார். அது நகர நகர ஆட்கள் மாறினார்கள், வசனம் மாறவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் நியாயமாகத்தான் பேசினார்கள். அதுதான் அவளை நொறுக்கியது.

ஒருநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் எழுந்து, வார்டுகளுக்கெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு, கிழக்கே ஆற்றைப் பார்க்க நடக்கத் தொடங்கியது.

அப்போதுதான் கவுன்சிலர்களுக்கு உறைத்தது. ஆறுதான் நகராட்சி எல்லை. எல்லையைத் தாண்டிவிட்டால் எந்த வார்டுக்கும் இல்லை! செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லாரும் பின்னாலேயே ஓடினார்கள். நாலாம் வார்டு ஓடிக்கொண்டே டைம் கீப்பர் அறை ஜன்னலைப் பிடித்துத் தொங்கி முதல் ரேகையை வைத்தார். மூட்டுவலிக்காரியான பதினாறாம் வார்டை நாலு பேர் சேர்ந்து தூக்கி உள்ளே தள்ளினார்கள். இத்தனை வருஷமாக ஒருவரையொருவர் காலை வாரியவர்கள், அன்றைக்கு ஒருவர் காலை ஒருவர் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். சண்பகவல்லியும் வைத்தாள். பாக்கி ஒரே ஒருவர்.

திரவியம் வாத்தியார் கரையில் குடையை ஊன்றி நின்றார்.

"சார், வாங்க சார்! அது காலைத் தண்ணியில வெச்சுட்டு!" என்று கத்தினாள் சண்பகவல்லி.

"எதுக்கும்மா பதறுத? அது ஆத்தைத் தாண்டாது."

"எப்படிச் சொல்லுதீங்க?"

"பின்தங்கின ஊர்க்காரங்களைத் தேடித்தான போகும்? அந்தப் பக்கம் ஆளே கிடையாது. எல்லைக்கு அந்தப்பக்கம் பூஜ்யம். பூஜ்யத்தைத் தேடி யாராவது போவாளா?"

அவர் பேசி முடிப்பதற்குள் முன்வரிசைக் கால்கள் முழங்கால் ஆழத்துக்கு இறங்கிவிட்டன. உலகநாதனும் கரைக்கு வந்திருந்தான். சண்பகவல்லி வாத்தியாரின் கையைப் பிடித்தாள். "உங்க கிட்ட படிச்ச பையன் சார் அவன். அவனுக்காக வைங்க." வாத்தியார் உலகநாதனைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். "என் எதிர்ப்பைப் பதிவு பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பெருவிரலை அழுத்தினார்.

பஸ் ஸ்டாண்ட் நின்றது. ஒரு கால் தூக்கியபடி அப்படியே நின்றது. கவுன்சிலர்கள் தண்ணீருக்குள்ளேயே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

ஒலிபெருக்கி கரகரத்தது. "இருபத்தொரு வார்டுகளின் ஒப்புதல் கிடைத்துவிட்டது. இன்னும் ஒரு வார்டு பாக்கி உள்ளது."

"எந்த வார்டு? எல்லாரும்தான் வெச்சாச்சே!"

"இருபத்திரண்டாம் வார்டு."

"அப்படி ஒண்ணே கிடையாது!" என்று வாத்தியார் தூணைப் பார்த்துக் கத்தினார்.

தூக்கிய கால் மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்கியது. பஸ் ஸ்டாண்ட் மறுபடி நடந்தது. சண்பகவல்லி நனைந்த கையோடு அருள்விழிக்குப் போன் போட்டாள்.

"எல்லைக்கு வெளிய போகுதேம்மா. எப்படிப் போகலாம்?"

அருள்விழி எதையோ பார்த்துப் படிக்கிறவள்போலப் பேசினாள். "மேடம், அதுக்கு எல்லைன்னு எதையும் நாங்க சொல்லித்தரலீங்க. ஊர்க்காரங்க யாருன்னு காலடியை வெச்சுத்தான் தெரிஞ்சுக்கும். தெனமும் விடியறப்ப ஆத்துக்கு அந்தப் பக்கமிருந்து கொஞ்சம் காலடி வருதுங்க. தண்ணியில எறங்கி ஏறி ஊருக்குள்ள வருது. உங்க ஊர்ல ஒரு தெரு பாக்கியில்லாம, சந்து பாக்கியில்லாம விழற காலடி அது ஒண்ணுதானுங்க. சாயங்காலம் திரும்பிப் போயிருது. அவ்வளவு நடக்கறவங்க வேற யாருமே இல்லீங்க. அதனால நிரவி அவங்களுக்கு ஒரு வார்டு போட்டுக்கிச்சு. ஏனுங்க மேடம், அவங்க உங்க ஊர்க்காரங்க இல்லீங்களா?" என்றாள்.

சண்பகவல்லி போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

சில வருஷங்களுக்கு முன்னால் மீன் மார்க்கெட்டை அழகுபடுத்தியபோது அதன் பின்னால் இருந்த துப்புரவுப் பணியாளர் குடியிருப்பை ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாற்றினார்கள். எல்லைக்கோடும் ஆற்றோடு நின்றுகொண்டது. தண்ணீர்க் குழாய், தெருவிளக்குச் செலவெல்லாம் மிச்சம். இந்த மன்றம் எதிலுமே ஒத்துப்போனதில்லை என்றுதானே ஊர் சிரிக்கும்? அந்தத் தீர்மானத்தில் ஒத்துப்போனது. ஒரு வெளிநடப்பு இல்லை. வாத்தியார்கூட எதிர்ப்பைப் பதிவு செய்யவில்லை. சண்பகவல்லி அப்போது புதுக் கவுன்சிலர். எல்லாரும் கை தூக்கினார்கள் என்று அவளும் தூக்கினாள். டீ ஆறிப்போயிருந்தது என்பதுதான் அன்றைக்கு நடந்த ஒரே சண்டை.

பஸ் ஸ்டாண்ட் ஆற்றுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. தூண்களைச் சுற்றி நுரை சுழன்றது. வெளியூர்ப் பயணிகள் பெஞ்சுகளில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு ஆள் பஜ்ஜி தின்பதை நிறுத்தவேயில்லை. அக்கரையில் ஏறி, ஓட்டைத் தகரமும் தார்ப்பாயுமாக இருந்த வீடுகளின் முன்னால், ஒரு கோழிக்கூண்டைச் சுற்றி வளைந்து, அது உட்கார்ந்தது.

சண்பகவல்லி இடுப்பளவுத் தண்ணீரில் கடந்து போனாள். பின்னால் தம்பி. அக்கரையில் பாக்கியத்தாய் நின்றாள். மேலரத வீதியைக் கூட்டுகிறவள். வேலை முடிந்து ஈரச் சேலையோடு வந்தவளுக்கு, வாசலில் பஸ் ஸ்டாண்ட்.

"சேர்மன் அம்மா, நனைஞ்சிட்டியளே" என்றாள். "நீங்க இந்தத் தண்ணியில எறங்கி இப்பத்தான் பாக்கேன்."

"பாக்கியம், ஒரு ரேகை வெக்கணும். உங்க ஆளுகளுக்காக நீ வெச்சாப் போதும்."

"வெச்சா?"

"நின்னுரும். அப்புறம் ஊருக்குத் திருப்பிக்கிடலாம்."

பாக்கியத்தாய் பஸ் ஸ்டாண்டைப் பார்த்தாள். அதற்குள் குடியிருப்புப் பிள்ளைகள் பெஞ்சுகளில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தன. ஒரு கிழவர் டைம் கீப்பர் அறைக்குள் எட்டிப் பார்த்து, "மதுரைக்கு இங்கனேயே ஏறிக்கிடலாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்களை இங்க கொண்டுவரையில யாரும் ரேகை கேக்கலியேம்மா" என்றாள் பாக்கியத்தாய். கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டதுபோலத்தான் இருந்தது.

சண்பகவல்லி திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றான்.

"யக்கா," என்றான் பாக்கியத்தாயிடம், "இங்கன ஒரு பரோட்டாக் கடை போட இடம் கிடைக்குமா?"

"போடலாமே தம்பி. நல்லாத்தான இருக்கும்." பாக்கியத்தாய் யோசித்தாள். "ஆனா நான் ஒருத்தி சொல்ல முடியாதுல்லா. கூட்டம் போடணும். எங்க ஆளுக எல்லாரும் சேந்து சரின்னு சொல்லணும். இப்பவே நாலு வீட்டுல இட்லி போடப் போறாக. பொறுத்துக்கிடுங்க."

உலகநாதன் தலையாட்டினான். அக்காவைப் பார்க்காமல், இறங்கிவந்த ஆற்றில் மறுபடி இறங்கினான். மறுநாள் திருப்பூர் பஸ்ஸுக்கு அவன் இந்தக் கரைக்குத்தான் வரவேண்டும். அதுவும் அவளுக்குத் தெரிந்தது.

மதுரை பஸ் எங்கெங்கோ சுற்றிக்கொண்டு புழுதியோடு வந்து நின்றது. பிள்ளைகள் கத்தின கத்தலில் ஆனைமடைக் கோயில் மணி தானாக அடித்தது.

நடு ஆற்றில், இடுப்பளவுத் தண்ணீரில், திரவியம் வாத்தியார் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் போகவில்லை. அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. சென்னை அதிகாரி. சேர்மன் எடுக்கவில்லை என்பதால் அவரைக் கூப்பிட்டிருக்கிறார்.

"சார், பஸ் ஸ்டாண்ட் ஆத்தைத் தாண்டிருச்சுன்னு யாரோ புரளி கிளப்பறாங்க. நீங்க சொன்னா நம்பலாம்னாங்க. அந்தப் பக்கம் ஆளே கிடையாதுன்னு உங்க நகராட்சியே எழுதிக் கொடுத்திருக்கே?"

வாத்தியார் அக்கரையைப் பார்த்தார். தலைகளை எண்ணுகிறவர்போல அவர் உதடு அசைந்தது. பாதியில் விட்டுவிட்டார்.

"தாண்டிட்டு சார்" என்றார். "ஆளு இருக்கு."